நாலு சக்கரமும் தரையில்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா லைசென்ஸ் வாங்கினார். வாங்கிய வாரமே, பம்பாயில் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டுச் சுவரை ஓரமாக இடித்தார். அன்றைக்குச் சாவியை மேஜை மேல் வைத்தவர் அப்புறம் அதைத் தொடவே இல்லை. அம்மா பின் சீட்டோடு சரி. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அப்பா வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய அந்தச் சின்னக் கார், அறுபதுகளின் நடுவில், முழுசாக என் கைக்கு வந்துசேர்ந்தது.

அப்போது நான் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பாவின் ஆபீஸும் பக்கத்திலேயே. தினமும் காலையில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் வண்டியை எடுப்பேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஓட்டினேன். ஆபீஸில் மானேஜர் சொன்னதை அடிக்க வேண்டும், வீட்டில் அம்மா சொன்னதைக் கேட்க வேண்டும். அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மட்டும் யாரும் எனக்கு எதுவும் சொல்ல முடியாது. அந்த இடத்தை நான் உயிராக நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புறநகர்ப் பக்கம் சும்மா கிடந்த ஒரு விமான ஓடுபாதையில் வருஷத்துக்கு ஒருமுறை கார் பந்தயம் வைப்பார்கள். நேராகப் போய், கோடியில் அடுக்கியிருக்கும் தார் டிரம்மை வலப்பக்கமாகச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பெண்களுக்கென்று தனியாக ஒரு பந்தயம் உண்டு. பார்சிப் பெண்களும் பணக்கார வீட்டு மருமகள்களும்தான் அதில் ஓட்டுவார்கள். நானும் பெயர் கொடுத்தேன். அப்பா குடையும் டிபன் டப்பாவுமாகப் பார்க்க வந்தார், ஏதோ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருகிறவர் மாதிரி.

எங்கள் கார் உயரமான கார். பள்ளம் மேட்டுக்கென்றே மெத்தென்ற ஸ்பிரிங் வைத்துச் செய்தது. ரோட்டில் சுகம். டிரம்மைச் சுற்றும்போது அப்படியே இடதுபக்கம் சாய்ந்தது. எனக்குக் கீழே இருந்த வலது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. எனக்கு ஸ்டீயரிங் கொஞ்சம் லேசானது போல் இருந்தது, அவ்வளவுதான். அப்பாவோ வளைவுக்கு உள்பக்கம் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு முழுசாகப் பார்த்துவிட்டார். நான் நாலாவதாக வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு இறங்கினால், அவர் டிபன் டப்பாவைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தார். "செம்பூர் டாக்டர் ரொம்ப நாளா இந்த மாதிரி வண்டி கேட்டுண்டிருக்கார். குடுத்துடலாம்னு பாக்கறேன்."

டாக்டர் அப்பாவுக்கு வேண்டியவர். நோயாளிகள் வீட்டுக்கு டாக்சி பிடித்துப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்குக் கார் வேண்டியதுதான், ஆனால் என்னுடையதா? நான் கத்தினேன். சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் ஆபீஸுக்கு ரயிலில் போனேன். அப்பாவை பஸ்ஸில் போகவிட்டேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"அடுத்த வருஷமும் போ. நான் அதே இடத்துல நிப்பேன். நாலு சக்கரமும் தரையில இருந்தா வண்டி உனக்கு. ஒண்ணு தூக்கினாலும் டாக்டருக்கு. ஜெயிக்கறது தோக்கறது எனக்கு அக்கறை இல்லை."

சரி என்றேன்.

சக்கரம் தூக்காமல் இருக்க வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகை ஒன்றில் படம் போட்டிருந்தான். நம் காரைவிடச் சின்ன கார், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. குட்டை ஸ்பிரிங், கெட்டி ஸ்பிரிங், கழற்றி மாட்டினால் போதும் என்று விளம்பரம். இங்கிலாந்திலிருந்து வரவழைக்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. நான் பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

தாராவியில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பம்பாய் டாக்சியில் பாதி அவர் ஸ்பிரிங்கில்தான் ஓடுகிறது என்று அவரே சொல்வார், நாம் கேட்காவிட்டாலும் சொல்வார். குரல் உலைச் சத்தத்தையும் தாண்டித் தெருக்கோடி வரை கேட்கும். தான் செய்கிற ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நுனியிலும் சின்னதாக ஒரு நட்சத்திர முத்திரை குத்துவார். "இத வச்சிக்கிட்டு எங்க வேணாலும் போங்க, நட்சத்திர பாய் ஸ்பிரிங்னு சொன்னா போதும்" என்பார்.

நான் படத்தை நீட்டினேன். கையில் வாங்கியவர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? வண்டி உக்காந்துல்லா கெடக்கு!"

"அதேதான் வேணும் பாய். என் வண்டியையும் இப்படி உக்கார வைக்கணும்."

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "எங்கிட்ட வாறவன் எல்லாம் தூக்கி வைங்கன்னுதான் கேப்பான். லோட் ஏத்தணும், ஆள் ஏத்தணும், ஒசத்துங்க பாய்ம்பான். எறக்குங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். நான் செய்ய மாட்டேன்."

"ஏன், வராதா?"

அந்தக் கேள்விதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் கேட்டேன். "வராதாவா? நான் சுத்தாத ஸ்பிரிங்கா? அதில்ல தங்கச்சி. உங்க வண்டி இப்படி உக்காந்த மேனிக்கு மாட்டுங்காவுல சுத்தும். பாக்குதவன் எல்லாம் என்ன சொல்லுவான்? ஸ்பிரிங் போயிட்டு, யாரு செஞ்சான்னு கேப்பான். நட்சத்திர பாய்னு சொல்லுவீய. எம் பொழப்பு என்னாவுறது?"

நான் அப்பாவின் நிபந்தனையைச் சொன்னேன். டிரம், வளைவு, தூக்கிய சக்கரம், செம்பூர் டாக்டர், எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடித்ததும் ஒரு வழி சொன்னார். "செய்யுதேன். ஆனா முத்திரை குத்த மாட்டேன். எம் பேரு வெளிய வரக் கூடாது. யாராச்சும் கேட்டா தானா உக்காந்துட்டுன்னு சொல்லிருங்க."

அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பழைய ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். திட்டினார். வெட்டினால் வண்டி இறங்கும், ஆனால் தவளை மாதிரிக் குதிக்கும். தடித்த கம்பியில் புதிதாகக் குட்டையாகச் சுற்ற வேண்டும் என்றார். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, இரும்பு உருளையில் சுற்றி, எண்ணெயில் முக்கினார். குபுக்கென்று புகை கிளம்பிப் பட்டறையே மறைந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளின் வளைவையும் தட்டித் தட்டிக் குறைத்தார். எல்லாவற்றையும் மாட்டி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபோது, அது மெதுவாகத் தாழ்ந்து, அந்தப் படத்தில் இருந்த மாதிரியே நின்றது. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பாய் தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வளைவுகளில் அந்தக் கார் இப்போது சாயவே இல்லை. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வரும்போது தண்டவாளத்தில் போகிற மாதிரி இருந்தது. காரணமில்லாமல் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுவேன். அப்பா வாட்சைப் பார்ப்பார்.

ஆனால் மாட்டுங்கா என்னை விடவில்லை. கட்டடத்து வாட்ச்மேன் தினமும் காலையில் குனிந்து பார்த்து, "காடி பஸ்லி கா, பாயி?" என்று, வண்டி உட்கார்ந்துபோச்சா அம்மா என்கிற அர்த்தத்தில், மராட்டியில் துக்கம் விசாரித்தான். பால்காரன் விசாரித்தான். எதிர்வீட்டு மாமா அப்பாவிடம், "என்ன சார், வண்டியில மூட்டை கீட்டை ஏத்தினேளா?" என்று கேட்டார். அப்பா குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார். கட்டடத்து வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட கல்லில் வண்டியின் வயிறு உரசும். கோணலாக ஏற்றினால் உரசாது என்று கண்டுபிடித்தேன். அம்மாவுக்குத்தான் கஷ்டம். உட்காருவது சுலபமாகிவிட்டது, எழுந்திருப்பதுதான் முடியவில்லை. கோவில் வாசலில் பூக்காரிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நானும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

"இது காரா, கிணறாடி?" என்றாள் அம்மா. "ஏத்தம் வெச்சுன்னா எறைக்கணும் என்னை!"

நான் எதற்கும் அசையவில்லை. பந்தயம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஆபீஸ். வண்டிக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ரயிலில் போய் ரயிலில் வந்தேன். வந்தபோது கார் தன் கித்தான் உறைக்குள் ஒழுங்காக நின்றது. அப்பா, "மத்தியானம் டாக்டர் வந்து வண்டியைப் பாத்துட்டுப் போனார்" என்றார். "பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை இருட்டோடு உறையை உருவிப் போட்டுவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாசல் கல்லில் கோணலாக ஏற்றினேன், உரசவில்லை. மாஹிம் தாண்டும்போது வண்டி மிதக்கிற மாதிரி இருந்தது. வளைவில் பழையபடி ஒரு ஆட்டம். என் நரம்புதான் ஆடுகிறது, வண்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடுபாதையில் போய் இறங்கினால், தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் மேல் பாய் உட்கார்ந்திருந்தார். பந்தயத்துக்கு வரவே மாட்டேன் என்று பட்டறையில் சொன்ன மனிதர். எங்களைத் தெரியாதவர் போல வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் தானாக என் காருக்குப் போனது. ஸ்கூட்டரை விட்டு இறங்கினார். கிட்டே வந்தார். குனிந்தார். அவ்வளவுதான், பெயர் வெளியே வரக் கூடாது என்று சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"எவம்லே என் ஸ்பிரிங்குக்கு ரப்பர் வச்சது?"

அந்தச் சத்தத்தில் பார்சிப் பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். நான் புடவையைப் பற்றிப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். முன்பக்கத்து இரண்டு ஸ்பிரிங்கிலும், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில், கெட்டியான ரப்பர் கட்டைகளைத் திணித்து வைத்திருந்தது. உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கைத் தூக்கி நிறுத்த டாக்சிக்காரர்கள் செய்கிற வேலை. என் காரின் முன்பக்கம் பழைய உயரத்துக்கு நின்றது.

அப்பா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "நான்தான்மா. எதிர் ஸ்டாண்டு டாக்சி டிரைவரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"நேத்து டாக்டர் வரதா இருந்தது. வண்டி உக்காந்துண்டிருந்தா ஒடைஞ்ச வண்டின்னு நெனைச்சுடுவாரேன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. டிபன் டப்பாவைச் சீட்டில் எறிந்தது நினைவிருக்கிறது. "அப்போ வித்தாச்சா? நான் ஓட்டறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சா? எதுக்கு என்னை இங்கே வரச் சொன்னேள்? வேடிக்கை பாக்கவா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்காக இன்னும் கோபம் வந்தது.

அப்பா மெல்லத்தான் பேசினார். "விக்கலை. டாக்டருக்கு நான் வாக்குக் குடுக்கலை. இன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன்னு மட்டும் சொன்னேன். என் பொண்ணு ஓட்டற வண்டியைப் பாத்து ஒருத்தர் ஒடைஞ்சதுன்னு சொல்லிடப்படாதுன்னு தோணித்து. தப்புன்னு இப்போ தெரியறது."

பாய்க்கு இந்தப் பேச்செல்லாம் காதில் விழவில்லை. டிக்கியைத் திறந்து ஜாக்கியை வெளியே இழுத்துவிட்டார். "அழுவைய பொறவு வச்சிக்கிடலாம் தங்கச்சி. லேடீஸக் கூப்பிடுததுக்குள்ள எடுத்துரலாம். சார், நீங்க வாங்க. இந்தக் கம்பியப் புடிச்சு ஏக்தம், ரொம்ப மெல்லச் சுத்துங்க."

கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்த அப்பா, முழங்காலைத் தார்த் தரையில் ஊன்றி ஜாக்கியைச் சுற்றினார். அவர் அதுவரை ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடித்து நான் பார்த்ததில்லை. வண்டி எழும்ப எழும்ப ஸ்பிரிங் விரிந்தது. பாய் டயர் கழற்றும் கம்பியை விட்டு நெம்பினார். நான் ரப்பரைப் பிடித்து இழுத்தேன். ஒரு கட்டை வந்தது. அடுத்தது வர மறுத்தது. பாய் அந்த டாக்சிக்காரனின் பரம்பரையையே திருநெல்வேலித் தமிழிலும் பம்பாய் இந்தியிலும் மாற்றி மாற்றி விசாரித்தார். மறுபக்கம் போனோம். ஒலிபெருக்கியில் லேடீஸ் என்று கூப்பிடும்போது கடைசிக் கட்டை என் கையோடு வந்தது. ஜாக்கியைத் தளர்த்தியதும் கார் மெதுவாகத் தாழ்ந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. என் கைகள் கருப்பு, புடவை கருப்பு, அப்பாவின் முழங்கால் கருப்பு.

"போ" என்றார் அப்பா. குடையைக்கூட எடுக்காமல் வளைவுப் பக்கம் வேகமாக நடந்தார். பாயும் பின்னாலேயே ஓடினார்.

கொடி இறங்கியது. அந்த வருஷம் என்னை யாரும் பயமுறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். நேர் பாதையில் இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள், தாண்டட்டும் என்று விட்டேன். அவர்கள் கார் பெரிசு. டிரம் கிட்டே வந்ததும் அவர்கள் பிரேக்கை மிதித்தார்கள். நான் அவர்களுக்கு அப்புறம்தான் மிதித்தேன். வலது பக்கம் ஒடித்தேன். வண்டி சாயவில்லை, தரையைக் கவ்வித் திரும்பியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போது ஓரக்கண்ணில் அப்பா தெரிந்தார். இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில், குப்புறப் படுத்து, கன்னத்தைத் தார் மேல் வைத்து, என் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் பத்துப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனிதர்.

அந்த ஒரு கணம் என் கால் ஆக்ஸிலரேட்டரில் கொஞ்சம் கூடவே அழுத்திவிட்டது. வளைவு முடிகிற இடத்தில், போன வருஷம் போலவே, ஸ்டீயரிங் லேசானது. கண் இமைக்கிற நேரம்தான். உடனே கனம் திரும்பி வந்தது. ஆனால் எனக்குத் தெரியும். என் கை எனக்குப் பொய் சொல்லாது.

இரண்டாவதாக வந்தேன். கைதட்டினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா நடந்து வருவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒப்புக்கொண்டாகிவிட்டது, பேச்சு மாறக் கூடாது. செம்பூர் டாக்டருக்கு அந்தச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பாவும் பாயும் சேர்ந்தே வந்தார்கள். பாய் முகத்தில் பெருமை பொங்கியது. "பரோபர், சரியாத் திரும்பிச்சு தங்கச்சி! என்னா ஸ்பிரிங்கு! ஆனா கடைசில வலத்து முன்சக்கரம் ஒரு அரை விரல்—"

"பாய்" என்றார் அப்பா. "வெயில்ல உங்க கண்ணு கூசியிருக்கும்."

"வெயிலா? சார், வெயில் நமக்கு முதுகுக்குப் பின்னாலல்லா..."

"கூசியிருக்கும்" என்றார் அப்பா மறுபடி.

பாய் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பட்டறையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா ஆமா. ஏக்தம் கூசுது. நாலும் தரையிலதான் நின்னுது." பிறகு பொறுக்க முடியாமல் என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பொறவு வண்டியக் கொண்டாங்க. வேற ஜோடி சுத்தி மாட்டுதேன். இந்தத் தடவ முத்திரை குத்தித்தான் குடுப்பேன்" என்றார்.

திரும்பும் வழியில் அப்பா டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டார். அன்று சாயங்காலம் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யோசனையாக இருந்திருக்கும். அவர் இடது கன்னத்தில் தாரும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே என் சக்கரத்தைத் தரையோடு தரையாகப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

மாஹிமில் போலீஸ்காரன் கையை நீட்டி நிறுத்தினான். நான் எஞ்சினை அணைக்காமல் அவர் பக்கம் திரும்பினேன். "அப்பா, நிஜமாச் சொல்லுங்கோ. நாலும் தரையிலயா இருந்தது?"

அப்பா கர்சீப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். கன்னத்துத் தாரைத் துடைக்கவில்லை, அது அவருக்குத் தெரியவே இல்லை. நேராக முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"போலீஸ்காரன் கையைக் காட்டறான் பார். போ."